ஒளிநாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கு: எந்த முறையில் படம் தெளிவாக இருக்கும்?



உங்கள் இல்லத்து அலமாரியின் மேல்தட்டையோ, பரணில் கிடக்கும் பழைய பெட்டியையோ ஒருமுறை திறந்து பாருங்கள். தடித்த புத்தகம் போன்ற கறுப்பு வீடியோ கேசட்டுகள் சில அங்கே இருக்கக் கூடும். 1980களிலும் 1990களிலும் வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் விடுமுறையில் ஊர் வந்த நம் குடும்பத்தார் ஆசையோடு சுமந்து வந்த பொருள்களுள் 'டெக்' எனப்படும் வீடியோ கருவியும் ஒன்று. அதன் பின்னரே நிக்காஹ் வைபவங்களையும், பெருநாள் ஒன்றுகூடல்களையும், ஹஜ்ஜுக்குச் செல்வோரை வழியனுப்பும் காட்சிகளையும் நாடாவில் பதிந்து வைக்கும் வழக்கம் நம்மிடையே பரவியது.

அந்த நாடாக்களில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். மணமகனின் தோளைத் தட்டிக் கொடுக்கும் பாட்டனார் இன்று மர்ஹூம். பந்தலின் ஓரத்தில் அமர்ந்து பெண்களை அதட்டி வேலை வாங்கும் உம்மம்மாவும் இன்றில்லை. அவர்களுடைய புகைப்படங்கள் உங்களிடம் இருக்கலாம். ஆனால் நடையும் குரலும் சிரிப்பும் அந்த நாடாவில் மட்டுமே இருக்கின்றன.

நாடாவோ முதுமை அடைந்துகொண்டே இருக்கிறது. ஈரமும் வெப்பமும் பூஞ்சையும் அதனை அரிக்கின்றன. அதனை ஓட்டிக் காட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. வி.எச்.எஸ். டெக்குகளை இறுதிவரை தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016ஆம் ஆண்டு ஜூலையில் அத்தயாரிப்பை நிறுத்திக் கொண்டது. எனவே நாடாவிலிருப்பதைக் கணினிக்கு மாற்றி, டிவிடி தகட்டில் எழுதிக் கொள்ள விரும்புவோர் இன்றும் பலர் உள்ளனர். அவ்வாறு முற்படும்போது, கடைக்காரரோ கணினியில் உள்ள மென்பொருளோ முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "பால் முறையா, என்.டி.எஸ்.சி. முறையா?"

இரண்டில் எது தெளிவானது என்பதே நம்மில் பலருக்கும் எழும் ஐயம். அதனை இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மூன்று முறைகள் பிறந்த வரலாறு

தொலைக்காட்சிப் படம் என்பது கோடு கோடாக வரையப்படும் ஓவியம். ஒரு படத்தில் எத்தனை கோடுகள், ஒரு நொடியில் எத்தனை படங்கள் என்பவற்றை அந்தந்த நாட்டார் தம் வசதிக்கேற்ப வகுத்துக் கொண்டனர். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவுறுகிறது. ஆகவே அங்கே நொடிக்கு 30 படங்கள், படத்துக்கு 525 கோடுகள் என்று வகுத்தார்கள். அம்முறையில் வண்ணத்தைச் சேர்க்க 1953 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. வண்ணமும் ஒலியும் ஒன்றோடொன்று மோதாதிருக்கும் பொருட்டு 30 என்பதை 29.97 எனச் சற்றே குறைத்துக் கொண்டார்கள். இதுவே என்.டி.எஸ்.சி. அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகள் இதனை மேற்கொண்டன.

ஐரோப்பாவில் மின்சாரத்தின் அலைவு 50. அங்கே நொடிக்கு 25 படங்களும் படத்துக்கு 625 கோடுகளும் வழக்கமாயின. ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் பொறியாளர் வால்டர் ப்ரூஹ் உருவாக்கிய வண்ண முறைக்குப் 'பால்' என்று பெயர். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் இது. நாம் பருகும் பாலுக்கும் இதற்கும் உறவில்லை! பிரான்சு நாட்டார் 'செகாம்' என்ற வேறொரு வண்ண முறையைக் கண்டார்கள். இவ்விரண்டு முறைகளிலும் 1967இல் ஒளிபரப்புத் தொடங்கிற்று. 1982இல் நம் நாட்டுத் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது பால் முறையையே தேர்ந்தெடுத்தது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத் ஆகியவையும் பால் முறையைச் சார்ந்தவையே. சவூதி அரேபியாவும் எகிப்தும் முதலில் செகாமைக் கைக்கொண்டு, பின்னர் பால் முறைக்கு வந்தன.

எண்களை வைத்து ஒப்பிடுவோம்

டிவிடி தகட்டில் பால் முறைப் படம் அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 576 புள்ளிகளும் கொண்டது. என்.டி.எஸ்.சி. படத்துக்கும் அகலம் அதே 720. உயரம் மட்டும் 480. ஆக, ஒரு படத்தை மட்டும் நிறுத்தி வைத்துப் பார்த்தால் பால் முறையில் ஐந்தில் ஒரு பங்கு நுணுக்கம் கூடுதல். "அப்படியானால் பால் முறையே சிறந்தது" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். என்.டி.எஸ்.சி.யில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஐந்து படங்கள் கூடுதலாக வருகின்றன. ஓடி வரும் குழந்தையின் அசைவு அதில் சற்றுச் சீராகத் தோன்றும்.

இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பால் முறையில் 720, 576, 25 ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஒரு நொடிக்கு 1,03,68,000 புள்ளிகள். என்.டி.எஸ்.சி.யில் 720, 480, 29.97 ஆகியவற்றைப் பெருக்கினால் 1,03,57,632 புள்ளிகள். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான்! ஒன்று படத்தின் நுணுக்கத்திலும் மற்றொன்று அசைவின் சீரிலும் தன் செல்வத்தைச் செலவிடுகிறது. இருவர் கையிலும் உள்ள செல்வம் ஒன்றே.

டிவிடிக்கு முன் 1993இல் வந்த விசிடி தகட்டின் கணக்கையும் அறிந்து கொள்ளுங்கள். அதில் பால் முறைப் படம் 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் உடையது, என்.டி.எஸ்.சி.யில் 352க்கு 240. டிவிடியில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அதில் அடங்கும். நம்மில் பலர் 2000ஆம் ஆண்டையொட்டித் திருமண நாடாக்களை விசிடியாக மாற்றி வாங்கினோம். அந்த நாடா இன்னும் வீட்டில் இருக்குமானால், விசிடியிலிருந்து டிவிடி செய்யாதீர்கள். நாடாவிலிருந்தே மீண்டும் எடுங்கள். விசிடி உதறிவிட்ட நுணுக்கத்தை டிவிடியால் திரும்பக் கொண்டு வர இயலாது.

நிறத்தைப் பற்றிய பழைய வழக்கு

"என்.டி.எஸ்.சி.யில் நிறம் கெட்டுப் போகும், பால் முறையில் கெடாது" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வானலையில் வரும்போது என்.டி.எஸ்.சி.யின் நிறம் தடுமாறுவதுண்டு. முகம் பச்சை பூத்தும், சில வேளை சிவந்தும் தோன்றும். 'ஒருபோதும் இருமுறை ஒரே நிறம் வராது' என்று அந்த நான்கு எழுத்துகளுக்குப் பொறியாளர்களே கேலியாக விரிவுரை கூறி வந்தார்கள். பால் முறையில் ஒவ்வொரு கோட்டுக்கும் நிற அலையின் ஒரு கூறு தலைகீழாக்கி அனுப்பப்படுவதால், ஒரு கோட்டில் நேரும் பிழையை அடுத்த கோடு ஈடு செய்துவிடுகிறது.

ஆயினும் இவ்வழக்கு வானலைக்குரியது, தகட்டுக்குரியதன்று. டிவிடியில் நிறம் அலையாக அன்றி எண்களாக எழுதப்படுகிறது. அங்கே பால், என்.டி.எஸ்.சி. என்று நாம் வழங்குவதெல்லாம் கோடுகளின் எண்ணிக்கையையும் படங்களின் வேகத்தையுமே குறிக்கும். எனவே நிறத்தை முன்னிட்டு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்கு இங்கே இடமில்லை.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி எது?

வாசகர்களே! எந்த முறை சிறந்தது என்பதன்று கேள்வி. "என் நாடா எந்த முறையில் பதியப்பட்டது?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதே முறையில் தகட்டை எழுதுவதுதான் தெளிவுக்கு வழி.

ஏன் என்பதைப் பாருங்கள். பால் நாடாவை என்.டி.எஸ்.சி. தகடாக மாற்றினால், 576 கோடுகளை 480க்குள் சுருக்க வேண்டும். 96 கோடுகளின் அளவுக்கு நுணுக்கம் அப்போதே போய்விடும். 25 படங்களை 30 ஆக்குவதற்கு, ஐந்து படங்களுக்கு ஒன்று வீதம் புதிதாகச் சேர்க்க வேண்டும். இல்லாத படத்தை எங்கிருந்து கொண்டு வருவது? ஒரே படத்தை இருமுறை காட்டினால் அசைவு தத்தித் தத்திச் செல்லும். அடுத்தடுத்த இரு படங்களைக் கலந்து காட்டினால் கை அசையும்போது நிழல் போல் இரண்டு கைகள் தெரியும். என்.டி.எஸ்.சி. நாடாவைப் பால் தகடாக மாற்றினாலோ, ஆறில் ஒரு படம் கழிக்கப்படும். 480 கோடுகளை இழுத்து 576 ஆக்குவதால் படம் பெரிதாகுமேயன்றித் தெளிவாகாது. எப்பக்கம் மாற்றினாலும் இழப்பு உண்டு. ஆதாயம் எப்பக்கமும் இல்லை.

நானறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குடும்பத் தலைவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளில் எடுத்த நாடா அது. அவரது குரல் பதிந்திருந்தது அதில் மட்டுமே. பிள்ளைகள் அதனையும் வேறு இரு நாடாக்களையும் ஒரு கடையில் கொடுத்து, "எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் போட்டுத் தாருங்கள்" என்றார்கள். ஆறு மணி நேரப் படம் ஒரே தகட்டில் திணிக்கப்பட்டது. மென்பொருள் என்.டி.எஸ்.சி.யில் அமைந்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை. தகடு கைக்கு வந்தது. இடத்தை அடைக்கிறது என்று நாடாக்கள் குப்பைக்குப் போயின. பின்னர் போட்டுப் பார்த்தபோது, கூட்டத்தின் நடுவே வாப்பா கையசைக்கும் இடத்தில் முகம் சதுரம் சதுரமாகச் சிதைந்திருந்தது. அதனைத் திருத்துவதற்கு இன்று எந்தக் கருவியாலும் இயலாது. திருத்த வேண்டிய மூலமே இல்லை.

உங்கள் நாடா எம்முறையைச் சார்ந்தது?

இதனை அறியச் சில அடையாளங்கள் உள்ளன. வி.எச்.எஸ். கேசட்டின் மேல் 'இ-180' என்பதுபோல் 'இ' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், அது பால், செகாம் நாடுகளுக்கெனச் செய்யப்பட்டது. 'டி-120' என்பதுபோல் 'டி' எழுத்து இருந்தால், அது என்.டி.எஸ்.சி. நாடுகளுக்கெனச் செய்யப்பட்டது. சிறிய 8 மில்லிமீட்டர் கேசட்டுகளில் 'பி5' என்பது பாலையும் 'பி6' என்பது என்.டி.எஸ்.சி.யையும் சுட்டும். இவை வெற்று நாடாவின் அடையாளங்களே. பதிந்த கருவி எங்கே வாங்கப்பட்டது என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கிய கேமராவானால், படம் பிடித்தது உங்கள் தெருவிலேயே என்றாலும் நாடா பெரும்பாலும் என்.டி.எஸ்.சி.யாகவே இருக்கும்.

நாடாவை ஓட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. பால் முறை மட்டும் அறிந்த டெக்கில் என்.டி.எஸ்.சி. நாடாவைப் போட்டால் படம் உருண்டோடும், குரலும் இயல்பாக இராது. செகாம் நாடாவானால் படம் ஆடாமல் நேராக வரும். ஆனால் கறுப்பு வெள்ளையாக வரும். வளைகுடாவில் பதிந்த பழைய நாடா சில வீடுகளில் இவ்வாறு நிறமின்றி ஓடுவதைக் கண்டு, நிறம் அழிந்துவிட்டது என்று கருதிக் கைவிட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்! நிறம் நாடாவிலேயே இருக்கலாம். அதனைப் படிக்கத் தெரிந்த கருவிதான் இல்லை. வளைகுடாவிலிருந்து வந்த 'மல்டி சிஸ்டம்' டெக் ஒன்று உறவினர் எவரிடமேனும் இருந்தால், அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த டெக்கிலிருந்து கணினிக்கு எடுக்கும்போது, நாடா எம்முறையோ அம்முறையிலேயே கருவியின் விசையை வைக்க வேண்டும். என்.டி.எஸ்.சி. நாடாவைப் பால் தொலைக்காட்சியில் காட்டுவதற்கென உள்ள கலப்பு நிலையில் வைத்து எடுத்தல் கூடாது.

தகட்டில் இடம் அளவோடு உள்ளது

முறை சரியாக அமைந்த பின்னர், படத்தின் தெளிவை முடிவு செய்வது ஒரு நொடிப் படத்துக்குத் தகட்டில் எவ்வளவு இடம் தருகிறீர்கள் என்பதே. வீட்டில் எழுதும் சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதில் இரண்டு மணி நேரப் படத்தை எழுதினால், ஒலியையும் சேர்த்து ஒரு நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரமானால் 3.5 மெகாபிட். ஆறு மணி நேரமானால் 1.7 மெகாபிட்தான். மேலே சொன்ன குடும்பத்தின் தகட்டில் முகம் சதுரமானதற்கு இதுவே முதற்காரணம். நிக்காஹ் பந்தலில் மின்னும் விளக்குகள், ஜரிகை, அசையும் கூட்டம் ஆகியவற்றுக்கு அதிக இடம் வேண்டும். ஆகவே ஒரு தகட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரமே எழுதினால் இன்னும் நன்று. அப்போதும் 8 மெகாபிட்டைத் தாண்ட வேண்டாம். வீட்டில் எழுதிய தகட்டில் வேகம் மிகுந்தால் சில கருவிகள் திணறும்.

எப்படியும் மூன்று மணி நேரத்தை ஒரே தகட்டில் அடக்கியாக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. அகலத்தை 720க்குப் பதிலாக 352 என்றும், உயரத்தை அதே 576 என்றும் வையுங்கள். இதுவும் டிவிடி விதிக்கு உட்பட்ட அளவே. வி.எச்.எஸ். நாடாவின் குறுக்குத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகள் மட்டுமே என்பதால், 352 புள்ளி அகலத்தில் இழப்பது சிறிதே. மிச்சமாகும் இடம் சதுரங்கள் தோன்றாமல் காக்கும். ஒலியில் 'பி.சி.எம்.' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே 1.5 மெகாபிட்டை எடுத்துக் கொள்ளும். பழைய நாடாவின் ஒலிக்கு 'டால்பி' வகையில் 256 கிலோபிட் தாராளமாகப் போதும். மீதி படத்துக்குச் சேரட்டும்.

இன்னும் ஒன்று. தொலைக்காட்சிப் படம் ஒவ்வொன்றும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரண்டு அரைப்படங்களாக வரும். கணினித் திரையில் பார்க்கும்போது அசையும் உருவத்தின் ஓரம் சீப்பின் பற்களைப் போல் தோன்றுவது இதனால்தான். அதனைக் குறை என்று எண்ணி, ஓர் அரைப்படத்தை நீக்கிவிடச் சொல்லாதீர்கள்; பாதி அசைவு போய்விடும். தொலைக்காட்சியில் போட்டால் அப்பற்கள் மறைந்துவிடும். எந்த அரைப்படம் முதலில் வருகிறது என்ற வரிசையை மட்டும் மாற்றாமல் காக்க வேண்டும். வரிசை மாறினால், நடப்பவர் முன்னும் பின்னும் உதறுவதுபோல் தெரியும். அப்படித் தெரிந்தால் நாடாவைக் குறை கூறாது, மென்பொருளில் அந்த அமைப்பை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்புவது எப்படி?

நம் நாட்டில் விற்ற டிவிடி கருவிகளுள் பெரும்பாலானவை இரு முறைகளையும் காட்டும். அமெரிக்காவில் விற்றவற்றுள் பல, பால் தகட்டை ஏற்பதில்லை. "வாப்பா, நீங்கள் அனுப்பிய டிஸ்க் இங்கே ஓடவில்லையே" என்று மகள் தொலைபேசியில் வருந்துவதற்குக் காரணம் இதுதான். இதனை வட்டார எண்ணோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ள வேண்டாம். அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5 என வகுத்த அந்தப் பூட்டு, கடைகளில் விற்கும் திரைப்படத் தகடுகளுக்கு உரியது. வீட்டில் எழுதும் தகட்டுக்கு அது கிடையாது.

மகளுக்கென என்.டி.எஸ்.சி. தகடு ஒன்று தனியாகச் செய்து அனுப்புவதில் தவறில்லை. அது பார்வைக்கான நகல். வீட்டில் காக்கும் மூலத் தகடு நாடாவின் முறையிலேயே இருக்கட்டும். தகடு வேண்டாம், கோப்பாக அனுப்பினால் போதும் என்றால் இந்தச் சிக்கலே எழாது. கணினியும் கைப்பேசியும் 25 படத்தையும் 30 படத்தையும் வேற்றுமையின்றிக் காட்டும்.

நாடாவை எறிந்துவிடாதீர்கள்

வீட்டில் எழுதும் தகட்டில் படம் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். ஆகவே இரண்டு தகடுகள் எழுதி, வேறு வேறு வீடுகளில் வையுங்கள். கணினியின் வன்தட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். தகட்டின் மேல் காகிதம் ஒட்டாமல் அதற்குரிய பேனாவால் பெயரும் ஆண்டும் எழுதி, உறையிலிட்டு நிழலில் நிறுத்தி வையுங்கள்.

எழுதிய தகட்டை முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை முழுதும் பாருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உடன் அமர்த்திக் கொள்ளுங்கள். இன்னார் இன்னார் என்று அவர் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் குறித்துத் தகட்டோடு வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு முகம் தெளிவாகத் தெரிந்தாலும், யார் என்று சொல்ல அன்று ஆள் இருக்க வேண்டுமே! அதன் பிறகும் நாடாவைச் சுற்றி, உறையிலிட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நாளை இதனினும் நல்ல கருவி கிடைத்தால், மீண்டும் எடுப்பதற்கு மூலம் அது ஒன்றுதான்.

கடைக்குச் செல்லும்போது மூன்றே செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: நாடாவின் முறையிலேயே தகடு வேண்டும், ஒரு தகட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, நாடாவைத் திருப்பித் தர வேண்டும். எந்தக் கடைக்காரருக்கும் இது விளங்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பூஞ்சை பிடித்த நாடாவைத் துப்புரவு செய்வதைப் பற்றிக் காண்போம். வஸ்ஸலாம்.